மடைப்பள்ளிக் கால்கள்

மலை உச்சியில் டீ கொதிக்கும்போது ஷண்முகசுந்தரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கரண்டி பாத்திரத்துக்குள் சுழல்கிறது, கண் ஆந்திரா பக்கம் பார்க்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் அடுப்புக்குக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். கொதியின் சத்தம் கொஞ்சம் கனத்ததும், பார்க்காமலே கையை நீட்டி அடுப்பை அணைக்கிறார். ருசி பார்ப்பது கிடையாது. முகர்ந்து பார்ப்பதுகூடக் கிடையாது. "நம்ம மூக்குக்கு மொதல்ல போச்சுன்னா அப்பறம் சாமிக்கு எச்சிதானேங்க" என்கிறார். அது டீ, குடிக்கப்போவது நாங்கள், எங்களில் ஒருவருக்கும் சாமியாகிற லட்சணம் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. வாழ்நாளெல்லாம் மலைக்கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைத்த கை. அறுபதுக்கு மேல் அதற்குப் புதுப் பழக்கம் எங்கே வரப்போகிறது?

நாங்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திருத்தணியில் வேன் ஏறி, எல்லைப் பக்கத்து மலை, கரடு, குன்று என்று எதையாவது ஏறி இறங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற கூட்டம். இதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. ஊர்க்காரர்கள் 'வேலையத்த கோஷ்டி' என்று வைத்திருக்கிறார்கள், பொருத்தமாகத்தான் இருக்கிறது. தலைவி அனுராதா டீச்சர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் கழுத்தில் தொங்கும் விசிலுக்கு அவர் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. அடுத்தவர் சின்னம்மாள். கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் நெல்லும் கடலையும் போடுகிறவர், எங்களில் மூத்தவர். கலெக்டரானாலும் கடவுளானாலும் 'நீ' என்றுதான் பேசுவார். மூன்றாவது ஆள் நான், வெங்கடேசன். திருவாலங்காடு பக்கத்துச் சர்க்கரை ஆலையில் உத்தியோகம் பார்த்து முடித்தவன். வேன் ஓட்டும் டில்லிபாபு அடிவாரத்தில் வண்டியிலேயே தூங்கிவிடுவார், அவரைச் சேர்த்தி சொல்ல முடியாது.

இந்தக் கூட்டத்துக்குள் ஷண்முகசுந்தரம் வந்து சேர்ந்தது ஒரு டீக்கடையில். அடிவாரத்துக் கோயில் குளமான பொய்கையைச் சுற்றி நடந்துவிட்டு வந்து நின்றார். மடைப்பள்ளியில் கரண்டியை அண்ணன் மகன் சாய்ராமிடம் ஒப்படைத்துவிட்டார், ஆனால் விடியுமுன்னே விழித்துக்கொள்கிற கண்ணை யாரிடமும் ஒப்படைக்க முடியவில்லை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம், சுகர் கொஞ்சம் இருக்கிறதாம். சர்க்கரை ஆலையிலேயே காலம் தள்ளிய எனக்கு வராத சர்க்கரை, பொங்கல் கிண்டியவருக்கு வந்திருக்கிறதே என்று நான் கேலி செய்தேன். அவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, எங்கள் கைத்தடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். மலை ஏற என்றேன்.

"எந்த மலைங்க?"

பெயரில்லாத மலை, ஆர்.கே.பேட்டை தாண்டி என்றேன். அவருக்கு அது புரியவில்லை. பெயரில்லாத மலை ஒன்று இருக்கும் என்றே அவர் நினைத்திருக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்ச மலை ஒண்ணுதாங்க" என்றார். பிறந்தது அதன் அடிவாரத்தில், வேலை அதன் உச்சியில். வேறொரு மலையில் கால் வைக்க அவருக்கு வேளையும் வந்ததில்லை, தேவையும் வந்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்னாலேயே வேனில் உட்கார்ந்திருந்தார். மடியில் புளியோதரைத் தூக்கு, காலில் சென்னையிலிருக்கும் மகள் ஸ்னேகா வாங்கி அனுப்பிய வெள்ளை வெளேர் ஷூ.

தூக்கைத் திறந்தால் கல்யாணப் பந்திக்குக் காணும். "நாலு பேருக்குச் சமைக்க எனக்கு வராதுங்க, அளவு கொறைஞ்சா கை நடுங்குது" என்று காரணம் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு வருவதில்லை.

அடிவாரத்தில் வேன் நின்றது. அவர் இறங்கினார், அண்ணாந்து மலையைப் பார்த்தார், நேராகப் புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். உள்ளே கல் புகுந்திருக்கும் என்றுதான் நினைத்தோம். கழற்றியதை ஜோடி சேர்த்து, மூக்கு ரோட்டுப் பக்கம் பார்க்க வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். கோயில் வாசலில்போலச் செருப்புக்கு டோக்கன் தருகிற ஆளைத் தேடினாரோ என்னவோ. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "போலாங்களா?" என்றார்.

டீச்சருக்கு விசில் வாய்க்கே போய்விட்டது. எங்களிடம் சட்டம் அதிகம் இல்லை, ஆனால் காலில் ஷூ இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்பது ஒன்று. வயல் சேற்றிலேயே வாழ்ந்த சின்னம்மாளே பேரனின் பள்ளிக்கூடக் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டுதான் வருகிறார். இது கோயில் மலை இல்லை சார், மேலே ஒரு சூலம்கூடக் கிடையாது, சும்மா பாறையும் புதரும்தான் என்று டீச்சர் விளக்கினார். ஷண்முகசுந்தரம் பொறுமையாகக் கேட்டார்.

"கோயில் இல்லைன்னா இன்னாங்க டீச்சர், குன்று இருக்குதே. குன்று இருக்கிற எடமெல்லாம் குமரன் இருக்கிற எடம்னு சும்மாவா சொல்லி வச்சாங்க?"

ஊரே சொல்கிற வாக்குத்தான். கல்யாணப் பத்திரிகையில் போடுவோம், ஆட்டோவின் முதுகில் எழுதுவோம். அதைக் கேட்டுச் செருப்பைக் கழற்றிய மனிதரை அன்றுதான் பார்த்தேன். டீச்சர் விசிலைக் கீழே விட்டார். சின்னம்மாள் மட்டும் சத்தமாகச் சிரித்து, வுடு டீச்சர், சாமி சொல்றதுல இன்னா தப்பு கீது என்று முடித்து வைத்தார். அந்த நேரத்திலிருந்து அவர் எங்களுக்குச் 'சாமி' ஆகிவிட்டார்.

எங்கள் இன்னொரு வழக்கம் அவருக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று. எங்கள் கூட்டத்தில் புது ஆள்தான் முன்னால் நடக்க வேண்டும். வழி தெரியாதவரை எதற்கு முன்னால் விடுகிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். வழியைப் பின்னால் இருந்து சொல்லிக்கொள்ளலாம். புது ஆளைப் பின்னால் விட்டால், மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு, மானத்துக்குப் பயந்து ஓடி ஓடி வந்து ஒருநாள் விழுவார். முன்னால் விட்டால் அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். அவர் நின்றால் எல்லாரும் நிற்போம். அவருக்கு நேர் பின்னால் வருகிறவர் அவர் காலைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும், அது தடுமாறினால் உட்காரச் சொல்ல வேண்டும். அந்த வேலை என்னுடையது.

"சாமி பொறப்பாட்டுலகூட நான் முன்னால போனதில்லீங்க" என்று நெளிந்தார். ஆனாலும் போனார். அப்படித்தான் ஷண்முகசுந்தரத்தின் முகத்தைவிட அவர் குதிகால்கள் எனக்கு அதிகப் பழக்கமாயின.

நல்ல கால்கள். அகலமான பாதம், விரல்கள் ஒன்றுக்கொன்று சண்டை போட்டமாதிரி விலகி நிற்கும். ஈரக் கல்தரையிலும் சூட்டுத் தரையிலும் ஆண்டுக்கணக்கில் நின்று, மஞ்சளும் புளியும் எண்ணெயும் ஏறி, பழைய மரப்பலகைக்கு வருகிற ஒரு நிறம் வந்துவிட்ட கால்கள். இடது புறங்காலில் மட்டும் பளபளவென்று ஒரு தழும்பு. சமையல்காரருக்குச் சூட்டுத் தழும்பு இல்லாவிட்டால்தானே ஆச்சரியம், நான் கேட்கவில்லை. கூழாங்கல்லிலும் சுடுபாறையிலும் அந்தக் கால்கள் கூசாமல் போய்க்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் ஏறிய நான் ஷூவுக்குள்ளேயே உச்சுக் கொட்டுகிற இடத்தில், அவர் மிளகுப் பொங்கலுக்கு நெய் எப்போது விட வேண்டும் என்று பேசிக்கொண்டே போவார். எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்லிவிட்டேன், என்ன இப்போது.

முதல் நாள் உச்சிக்குப் போனதும், நம் மலை எங்கே என்று கேட்டார். டீச்சர் கைத்தடியால் காட்டினார். தூரத்தில், புகைமூட்டத்துக்கு நடுவே, கோபுரம் ஒரு பல்குச்சி உயரத்துக்குத் தெரிந்தது. ஷண்முகசுந்தரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. இவ்வளவு சின்னதா என்று கேட்டார். இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சின்னதுதான் என்றேன். அதில் அவருக்குச் சமாதானமில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த மலை உச்சியில் உட்கார்ந்தாலும் அந்தத் திசையைக் கேட்டு, அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்காருகிறார். சூரியனைப் பார்த்து, இப்போது உள்ளே நைவேத்தியம் இறங்கியிருக்கும், இப்போது திரை போட்டிருப்பார்கள் என்று நேரடி ஒலிபரப்பு நடக்கும்.

டீ போடுகிற பொறுப்பை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார். நான் முதுகில் சுமந்து வருகிற சின்ன கேஸ் அடுப்பைப் பார்த்ததும், இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, திருநீற்றை மூன்று விரலால் தொட்டு, அடுப்பின் முன்பக்கம் மூன்று கோடு இழுத்தார். அடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் லைட்டர். எதற்கு என்று கேட்டதற்கு, நம்மோடு உழைக்கிறதுக்கு மரியாதை செய்யாமல் எப்படி வேலை வாங்குவது என்றார். இப்போது என் அடுப்பில் திருநீறு காய்ந்து ஏறி நிரந்தரமாகிவிட்டது. வீட்டில் வைத்தால் என் மனைவி அதைப் பூஜை அறைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்கிறாள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு. வேலிக்காத்தான் மண்டிய ஒரு கரட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல அவர் முன்னால், நான் பின்னால். ஒரு பாறையில் சிவப்பாக ஈரம் தெரிந்தது. யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டினேன். இரண்டடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. மலைமேல் இப்படி அடிக்கு அடி துப்பிக்கொண்டு போவது எவன் என்று நிமிர்ந்து பார்த்தபோது, ஷண்முகசுந்தரத்தின் இடது கால் எழுந்தது, பதிந்தது. வைத்த இடத்தில் சிவப்பு.

"சாமி, நில்லுங்க."

நின்றார். அக்காரவடிசல் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தியதற்காக என்னைக் கொஞ்சம் வருத்தமாகப் பார்த்தார். பாறையில் உட்காரவைத்துச் சின்னம்மாள் அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பெண்பிள்ளை என் காலைத் தொடுவதா என்று அவர் பதறியதை அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை. உள்ளங்காலில் ஒரு முள் முழுசாக இறங்கி, வெளியே அடிக்கட்டை மட்டும் தெரிந்தது. சின்னம்மாள் நகத்தால் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் எனக்குப் பல் கூசியது. ஷண்முகசுந்தரம் ஆவலாக எட்டிப் பார்த்தார்.

"முள்ளா? எங்கங்க?"

அந்தக் கேள்வி எங்களை உலுக்கிவிட்டது. வலிக்கவில்லையா என்று டீச்சர் கேட்டார். இல்லீங்களே என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்ட பிள்ளையைப்போல. சின்னம்மாள் கையிலிருந்த முள்ளின் நுனியால் அவர் குதிகாலைக் குத்திப் பார்த்தார். அவர் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. காலில் உணர்ச்சி குறைந்து ரொம்ப நாளாகிறது. யாரோ ஒருவருடைய காலை இரவல் வாங்கி நடக்கிறமாதிரி இருக்குமாம். டாக்டர் நடக்கச் சொன்னது உண்மை. வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்காதே என்று சொன்னதும் உண்மை. முதல் பாதியை மட்டும்தான் எங்களிடம் சொல்லியிருந்தார். அந்தத் தழும்பைப் பற்றி இப்போது கேட்டேன்.

"அடுப்புலேந்து ஒரு கங்கு கால்மேல விழுந்துடுச்சுங்க. எனக்குத் தெரியல. கருகுற வாசனை வந்துச்சு. பொங்கல் அடி பிடிக்குதுன்னு நெனச்சு, வேகவேகமா கிளறிகினே இருந்தேன்."

சாய்ராம் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறான். அன்றைக்கே கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு, கிளறிய கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

காயத்தைக் கழுவி, டீச்சரின் பையிலிருந்த துணியால் கட்டி, ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கீழே கொண்டுவந்தோம். புளியமரமில்லாத அடிவாரம் அது. அவர் ஷூ ஒரு கல்லின்மேல், வெயிலில், துளி அழுக்கில்லாமல் உட்கார்ந்திருந்தது. டீச்சர் அதை எடுத்து அவர் மடியில் வைத்தார். இதைப் போட்டுக்கொண்டு ஏறுவதானால் வாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து வேன் உங்களுக்காக நிற்காது என்று சொன்னார். டீச்சர் குரலில் கோபம் இல்லை. ஷண்முகசுந்தரம் வெகுநேரம் ஷூவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றது புரியுதுங்க டீச்சர். ஆனா மலைமேல செருப்புக்காலோட... என்னால ஆவாதுங்க."

கும்பிட்டார். வேனில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். மறுவாரம் வரவில்லை.

அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி வேகமாக நடந்தன. முன்னால் டீச்சர் பறந்தார். நான் டீ போட்டேன், சின்னம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை ஒரு செடிக்கு ஊற்றினார். ஆடு மேய்ப்பவர்கள் பக்கத்தில் வந்து நின்று, எங்கள் கைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பழகிய வேகமே எனக்கு என்னமோ ஓடுகிறமாதிரி இருந்தது. யார் காலைப் பார்த்து நடப்பது என்று தெரியாமல் நான் இரண்டு இடத்தில் தடுக்கினேன்.

சின்னம்மாள்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றார். பொய்கைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அவர் மனைவி அபிராமசுந்தரி கதவைத் திறந்து, எங்கள் காலைப் பார்த்தார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார். கால் பேச்சே அந்த வீட்டில் பேச்சாக இருந்திருக்க வேண்டும். ஷண்முகசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்தார். காயம் ஆற நாளாகும், நல்லவேளை எலும்புக்குப் போகவில்லை என்று டாக்டர் சொன்னாராம், சொல்வதற்கு முன்னால் திட்டோ திட்டென்று திட்டினாராம். சுவரில் அவர் அண்ணனின் படம், மாலையோடு. அதே சர்க்கரை. முதலில் விரல் போயிற்று, பிறகு முழங்கால் வரை. ஒரு கிருத்திகைக்குப் பிள்ளைகள் அவரை நாற்காலியில் வைத்து மலைமேல் தூக்கிப் போனார்களாம். வழியெல்லாம் அழுதுகொண்டே போனவர், அதற்கப்புறம் சாகிறவரை மேலே போக வேண்டும் என்று கேட்கவே இல்லையாம். அபிராமசுந்தரி அம்மாள் இதை மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கணவரைப் பார்க்கவில்லை.

சின்னம்மாள் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"சாமி, ஷூ போட்டா முருகன் கோவிச்சுக்குவான், செரி. கால் போச்சுன்னா அவன் மலைய நீ எப்பிடி ஏறுவ? அதயும் அவன்கிட்டயே கேட்டுகினு சொல்லு."

ஷண்முகசுந்தரம் மனைவி பக்கம் திரும்பினார். அபிராமி, இவங்களுக்குக் காபி குடு என்று மட்டும் சொன்னார். காபி வந்தது. குடித்தோம், கிளம்பினோம்.

ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் ஊரில் அந்த நாட்களில் நடக்க வழி கிடையாது. எங்கே பார்த்தாலும் மஞ்சள் துணி, பூக்காவடி, அரோகரா. படிக்கட்டின் அடியில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தபோது அவரைப் பார்த்தேன். ஓரத்துச் சுவரில் கைவைத்து நின்றிருந்தார். இடது காலில் கட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. படியேற டாக்டர் தடை போட்டிருந்தார். பெரியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் காவடிக்காரர்களும் வெறுங்காலோடு அவரைத் தாண்டித் தாண்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏறுகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே போக ஏதாவது வண்டி ஏற்பாடு செய்யலாமே, சாய்ராம் செய்வானே என்று நான்தான் வாயை விட்டேன். சாய்ராம் கேட்டான், ஆட்களை வைத்துத் தூக்கிப் போகிறேன் என்றுகூடச் சொன்னான் என்றார்.

"தூக்கிகினு போறதுக்கு நான் இன்னா காவடிங்களா நைனா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பொறந்ததுலேந்து ஒரு கிருத்திகை தப்பினதில்லீங்க. இந்த வருஷம் கீழயே நின்னுட்டேன்."

கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பக்கத்தில் வந்த ஒரு காவடியின் மயிலிறகு என் கண்ணில் பட்டுவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

காயம் ஆறி, டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு வந்த ஞாயிறு. வேனில் அவர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்கு, அதன்மேல் ஒரு மஞ்சள் பை. காலில் ரப்பர் செருப்பு. டீச்சர் ஏறினார், செருப்பைப் பார்த்தார், விசிலைத் தொட்டார், உட்கார்ந்தார். வண்டியில் பாட்டு போடுகிற டில்லிபாபு அன்று போடவில்லை.

அன்று போனது, அவர் முதல்முதலில் எங்களோடு ஏறிய மலைக்கு. அதே புளியமரம். செருப்பை விட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து மஞ்சள் பையைத் திறந்தார். ஷூவை எடுத்தார், சாக்ஸை எடுத்தார். உள்ளே கையை விட்டுத் துழாவி, கல் இருக்கிறதா என்று பார்த்தார். டாக்டர் சொல்லிக் கொடுத்ததாக இருக்கும். மாட்டினார். நாடாவைக் கட்டத் தெரியவில்லை. கலசத்துக்கு நூல் சுற்றிப் பழகிய விரல்கள், ஷூவுக்கும் அப்படியே சுற்றி ஒரு முடிச்சுப் போட்டன. பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் குனியப் போனார், சின்னம்மாள் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார்.

ஷண்முகசுந்தரம் இடுப்புப் பொட்டலத்தைப் பிரித்தார். மூன்று விரலால் தொட்டு, இடது ஷூவின் மூக்கில் மூன்று கோடு. வலது ஷூவில் மூன்று கோடு. இரண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எழுந்து, மலையை அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கக் கூடியதாகவும் அது இருந்திருக்காது.

"யார் முன்னால போறதுங்க?" என்று கேட்டார்.

புது ஆள்தான் என்றார் டீச்சர்.

முன்னால் போனார். நான் பின்னால், பழைய இடத்தில், அவர் காலைப் பார்த்துக்கொண்டு. கொஞ்சதூரம் போனதும்தான் கவனித்தேன். குதிகால் தரையில் படவில்லை. நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தார். இரண்டு ஷூவும் முன்பக்கம் மட்டும் மண்ணைத் தொட்டுத் தொட்டு எழுந்தன, ஈரக்காலோடு அடுத்தவர் வீட்டுக் கூடத்தைக் கடக்கிறவர்போல. வேட்டிக்குக் கீழே ஆடுசதை நடுங்கிக்கொண்டிருந்தது. இப்படியே உச்சிவரை போக முடியாது. பின்னால் டீச்சரும் சின்னம்மாளும் அதே வேகத்துக்குக் குறைந்து வந்தார்கள். அவர் நின்றபோது நாங்களும் நின்றோம்.

வழி திரும்புகிற இடத்தில் ஒரு பாறை தோள் உயரத்துக்கு நிற்கிறது. அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு ஷண்முகசுந்தரம் மூச்சு வாங்கினார். தலை குனிந்திருந்தது. பிறகு, கொதிக்கிற பொங்கல் பானையைச் சிந்தாமல் இறக்கி வைக்கிறமாதிரி, மெதுவாக, முதலில் இடது குதிகாலையும், பிறகு வலது குதிகாலையும் மலைமேல் வைத்தார்.